கைவினைக்கும் ஒரு கிழமை வேண்டும்

பயிற்சி கொடுத்தாகிவிட்டது, கடன் கொடுத்தாகிவிட்டது, அடையாள அட்டையும் கொடுத்தாகிவிட்டது. திருவள்ளூர் மாவட்டத்துக் கைவினைஞர்களுக்கு இன்னும் கிடைக்காதது, தவறாமல் திரும்பி வரும் ஒரு சந்தை நாள்.

திருவள்ளூர் மாவட்டம் என்றதும் இன்று நினைவுக்கு வருவது தொழிற்சாலைகள்தான். கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் சிப்காட் பூங்காக்கள், காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை, மீஞ்சூர்ப் பக்கம் 1,500 மெகாவாட் வல்லூர் அனல்மின் நிலையம் என்று 1997-இல் தனி மாவட்டமான இந்தப் பகுதியின் அடையாளமே இரும்பும் புகைபோக்கியுமாக மாறிவிட்டது. ஆனால் இதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பழவேற்காட்டில், பனை ஓலையில் பெட்டியும் கூடையும் பின்னும் பெண்கள் இருக்கிறார்கள். மேற்கே அம்மையார்குப்பத்தில் கைத்தறி ஓடுகிறது. ஆவடி, திருநின்றவூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளில் ஆரி வேலை, சுடுமண் நகை, குரோஷா பின்னல் என்று வீட்டுக்குள்ளேயே ஒரு தொழில் நடக்கிறது. இவர்கள் யாருக்கும் கைப்பக்குவத்தில் குறையில்லை. செய்த பொருளை அடுத்த வாரம் எங்கே விற்பது என்ற கேள்விக்குத்தான் அவர்களிடம் பதில் இல்லை.

அந்தப் பதிலாக இதுவரை நாம் கொடுத்து வந்திருப்பது கண்காட்சி. மகளிர் தினத்துக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, கல்லூரி வளாகத்தில் இரண்டு மூன்று நாள், சென்னை வள்ளுவர் கோட்டம் அருகிலுள்ள அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் சில நாள். பந்தல் போட்டு, ரிப்பன் வெட்டி, படம் எடுத்து, மறுவாரம் எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறார்கள். இதை நடத்துபவர்களின் நல்லெண்ணத்தில் சந்தேகமில்லை. ஆனால் கண்காட்சி வேறு, சந்தை வேறு. கண்காட்சிக்கு வருகிறவர் பார்க்க வருகிறார். சந்தைக்கு வருகிறவர் வாங்க வருகிறார். இன்று வாங்காவிட்டால் அடுத்த வாரம் வாங்கலாம் என்று தெரிந்தே வருகிறார். கைவினைத் தொழில் நிற்பதும் விழுவதும் இந்த ‘அடுத்த வாரம்’ உண்டா இல்லையா என்பதில்தான் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் அந்த அடுத்த வாரத்தைப் புதிதாக உருவாக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. அது ஏற்கெனவே கோயில் வாசல்களிலும் சம்பள நாட்களிலும் காத்திருக்கிறது.

ஒரு கூடையின் கணக்கு

பழவேற்காட்டுப் பெட்டி ஒன்று கைக்கு வருவதற்குள் எத்தனை வேலை நடக்கிறது என்று பார்த்தால் இந்தக் கணக்கு எளிதில் புரியும். பனையின் குருத்தோலை விரிவதற்கு முன்பே வெட்டப்படவேண்டும். அதற்கு மரமேறத் தெரிந்த ஆள் வேண்டும், அவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். வெட்டிய குருத்தை வெயிலில் வெளுக்கக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழிக்கவேண்டும். அதில் ஒரு பங்கைக் கொதிக்கும் சாயத் தண்ணீரில் முக்கியெடுத்து மறுபடி உலர்த்தவேண்டும். பின்ன உட்காரும்போது ஓலைக்கு லேசாக ஈரம் காட்டவேண்டும். காய்ந்துபோனால் ஒடியும், அதிகம் நனைந்தால் பெட்டி காய்ந்தபிறகு இடைவெளி விழும். மூடி பெட்டியோடு இழைந்து உட்காரவேண்டும் என்பது கடைசிப் பரீட்சை. மழைக்காலத்தில் காயாமல் கிடக்கும் ஓலையில் பூஞ்சை பிடித்தால் போட்ட முதலும் உழைப்பும் சேர்ந்து போகும்.

இப்போது எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. 250 ரூபாய் விலையுள்ள கூடை. ஓலை, சாயச் செலவு 50 ரூபாய். நாளொன்றுக்கு இரண்டு பின்னலாம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள் கண்காட்சி என்று தகவல் வருகிறது. எவ்வளவு விற்கும் என்று தெரியாததால் 80 கூடை தயாராகிறது: 40 நாள் உழைப்பு, 4,000 ரூபாய் முதல். அதில் 35 விற்றால் கைக்கு வருவது 8,750 ரூபாய். முதலும், ஆட்டோ, சாப்பாடு என்று ஒரு 1,500 ரூபாயும் கழித்தால் மிச்சம் 3,250. பின்னிய நாட்கள் 40, விற்ற நாட்கள் 3. ஒரு நாளுக்கு சுமார் 75 ரூபாய். வீட்டில் அடுக்கிக் கிடக்கும் 45 கூடைகள் அடுத்த கண்காட்சி எப்போது என்று காத்திருக்கும். அதே கைகள் வாரம் 12 கூடை பின்னி, வாரச் சந்தையில் 9 விற்றால் வரவு 2,250. ஓலைக்கு 600, போக்குவரத்துக்கு 250 போக 1,400 மிச்சம். பின்ன ஆறு நாள், விற்க ஒரு நாள். நாளுக்கு 200 ரூபாய். கூடையும் அதேதான், விலையும் அதேதான், பின்னும் வேகமும் அதேதான். மாறியது சந்தை திரும்பி வரும் இடைவெளி ஒன்றுதான்.

200 ரூபாயும் போதாது என்பதை மறைக்கவேண்டியதில்லை. 100 நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-க்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலியே 336 ரூபாய். ஆனால் வாரச் சந்தை தருவது அன்றைய கல்லாப் பணம் மட்டுமல்ல. எந்த நிறம் ஓடுகிறது, எந்த அளவு தேங்குகிறது என்று செய்பவர் ஏழே நாளில் தெரிந்துகொள்கிறார். மூடி சரியாக உட்காராத பெட்டியை வாங்கியவர் மாற்றித்தரச் சொல்லித் திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் ‘பொண்ணு கல்யாணத்துக்கு இருநூறு தாம்பூலப் பெட்டி வேணும்மா’ என்ற ஆர்டர் பிறக்கிறது. கைவினையில் உண்மையான வருமானம் ஆர்டரில்தான் இருக்கிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு செய்யும் இருநூறு பெட்டியில் விற்காத சரக்கு என்ற பேச்சே இல்லை. மூன்று நாளில் காணாமல்போகும் கடையிடம் யாரும் முன்பணம் கொடுப்பதில்லை.

முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது

இடமும் நாளும் நிலையாக இருந்தால் சிறு உற்பத்தியாளர் தழைப்பார் என்பதற்குச் சான்று தேடி வெளிநாடு போகவேண்டாம். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் இதைத்தான் செய்தது. புகைப்பட அடையாள அட்டை உள்ள விவசாயி மட்டுமே விற்கலாம், கடைக்கு வாடகை இல்லை, தராசு அரசு தரும், அன்றைய விலை பலகையில் எழுதப்படும். இடைத்தரகரை ஒழிப்போம் என்று மேடையில் பேசுவதற்குப் பதிலாக, அவர் இல்லாமல் விற்கக்கூடிய ஓர் இடத்தைத் தினமும் காலையில் திறந்துவைத்தார்கள். அந்தச் சந்தைகளில் குறைகள் உண்டு. ஆனாலும் கால் நூற்றாண்டு தாண்டி அவை இன்னும் நடக்கின்றன. இதற்கு நிகராகக் கைவினைஞருக்கு என்று தமிழ்நாட்டில் ஒன்று உருவாகவில்லை. 1973-இல் தொடங்கிய பூம்புகார் நிறுவனமும், மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் ‘மதி’ அங்காடிகளும் பொருளை வாங்கி விற்கின்றன. அது தேவையான வேலைதான். ஆனால் அங்கே செய்தவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதில்லை.

டெல்லியில் 1994-இல் திறந்த ‘தில்லி ஹாட்’ இன்னொரு வழியைக் காட்டியது. அங்கே இடம் நிரந்தரம். கடைகள் முறை வைத்துக் கைவினைஞர்களுக்குச் சில நாட்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. நகரத்து மக்களுக்கு எங்கே போகவேண்டும் என்று தெரிந்திருப்பதால் கூட்டம் குறைவதில்லை. ஆனால் விற்பவர் மாறிக்கொண்டே இருப்பதால், போன மாதம் பார்த்த நெசவாளரை இந்த மாதம் தேடினால் கிடைக்கமாட்டார். அரைத் தீர்வு என்று சொல்லலாம். முழுத் தீர்வுக்குச் சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் ஒரு பழைய உதாரணம் உண்டு. 1960-களில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும், ஓவியம் விற்காத காலத்தில், பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று வந்த பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம் அப்படிப் பிறந்ததுதான். செய்தவர்களே சங்கமாகச் சேர்ந்து, தங்கள் பெயரில், ஒரே இடத்தில் தொடர்ந்து விற்றார்கள். கைவினையே அங்கே கலைக்குச் சோறு போட்டது.

செட்டிநாட்டுக் கொட்டான் கதை இன்னும் நெருக்கமானது. அதுவும் பனை ஓலைதான். கல்யாணச் சீரில் இடம்பெற்ற அந்தச் சின்னக் கூடைகள் பிளாஸ்டிக் வந்தபிறகு மறைந்துகொண்டிருந்தன. விசாலாட்சி ராமசாமி முன்னின்று நடத்திய எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்ததோடு நிற்கவில்லை. கொட்டானைத் திருமண அன்பளிப்பாக மறுபடி கேட்கும் பழக்கத்தை உருவாக்கியது. பின்னர் புவிசார் குறியீடும் கிடைத்தது. கவனிக்கவேண்டியது வரிசை: முதலில் தொடர்ந்து கேட்கும் வாடிக்கையாளர், அதன்பிறகே சான்றிதழ். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

தூரத்துச் சந்தையின் பாடம்

பழவேற்காட்டுக்குச் சந்தை புதிதல்ல. உலகச் சந்தையே இங்கே வந்திருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது, சோழமண்டலக் கரையின் துணிகளை வாங்கத்தான். அந்தத் துணியைக் கொடுத்துத்தான் இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். இந்தக் கரையின் கட்டம்போட்ட துணி மேற்கு ஆப்பிரிக்காவரை போனது. இத்தனை பெரிய வியாபாரத்தில் நெசவாளரின் இடம் எது? தரகர் மூலம் முன்பணம் வாங்கி, சொன்ன நீள அகலத்தில், சொன்ன நிறத்தில் நெய்துகொடுப்பது. துணி யார் தோளில் ஏறியது, அங்கே என்ன விலைக்குப் போனது என்பது அவருக்குத் தெரியாது. கம்பெனியின் கப்பல் வருவது நின்றபோது, வேறு யாரிடம் விற்பது என்பதும் தெரியவில்லை. தூரத்துச் சந்தை எவ்வளவு பெரியதாக இருந்தாலும், வாங்குபவரை அறியாத உற்பத்தியாளர் பேரம் பேசமுடியாதவராகவே இருப்பார் என்பதுதான் இந்தக் கரையின் நூற்றாண்டு அனுபவம்.

‘இப்போது ஆன்லைன் இருக்கிறதே, சந்தை எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பதில் கூரியர் ரசீதில் இருக்கிறது. கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5,000 ஆல் வகுத்து வரும் எண், உண்மையான எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்கே கட்டணம் போடுகின்றன. 30 சென்டிமீட்டர் நீள, அகல, உயரமுள்ள ஓலைக்கூடை அரைக் கிலோகூட இருக்காது. கணக்குப்படி அது 5.4 கிலோ. 250 ரூபாய்க் கூடைக்கு அனுப்பும் செலவே விலையை நெருங்கிவிடும். அதற்குமேல் தளத்தின் கமிஷன், திருப்பி அனுப்பும் பொருளின் நஷ்டம், நல்ல படம் எடுக்கும் செலவு. சுடுமண் கம்மல் விற்பவருக்கு இன்ஸ்டாகிராம் கைகொடுக்கலாம். சின்னப் பொருள், அதிக விலை. கூடைக்கும் பெட்டிக்கும் அது ஒத்துவராது. மேலும், ஆன்லைனில் நன்றாக விற்பவர்கள் பலரும் நேரில் ஒருமுறை வாங்கிய வாடிக்கையாளரின் வாட்ஸ்அப் எண்ணிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது

ஆக, நாளும் இடமும் எங்கே? கும்மிடிப்பூண்டிச் சாலையை ஒட்டிய சிறுவாபுரி முருகன் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் திரளும் கூட்டத்தை வடசென்னையே அறியும். சொந்த வீடு வேண்டி, தொடர்ந்து ஆறு செவ்வாய் வருவதாக வேண்டிக்கொண்டவர்கள் அவர்களில் ஏராளம். விற்பவர் கண்ணில் பார்த்தால் இது சாதாரண விஷயமல்ல: ஒரே வாடிக்கையாளர் ஒரே இடத்துக்கு ஆறு வாரம் வருகிறார், அதுவும் வீட்டை மனதில் வைத்துக்கொண்டு. திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்கு ஒவ்வொரு அமாவாசையும் ஊர் நிறைகிறது. பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலில் ஆடி மாத ஞாயிறுகள், திருத்தணியில் கிருத்திகைகள். இவை எந்தத் துறையும் விளம்பரம் செய்து கூட்டிய கூட்டமல்ல. இவற்றோடு தொழிற்பேட்டையின் காலண்டரையும் சேர்க்கவேண்டும்: சம்பளம் வரும் மாதத்தின் முதல் பத்து நாட்களில், சிப்காட் வாசலிலும் ரயில் நிலையத்திலும் கையில் காசோடு ஆயிரக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். வார இறுதியில் பழவேற்காடு ஏரியைப் பார்க்கச் சென்னையிலிருந்து வருகிறவர்கள் இன்னொரு கூட்டம்.

கோயிலுக்கு வருகிறவர் தேங்காயும் கற்பூரமும் வாங்குவார், 400 ரூபாய்ப் பெட்டியை வாங்குவாரா என்பது நியாயமான கேள்வி. வாங்கமாட்டார். அதனால் அங்கே 400 ரூபாய்ப் பெட்டியைக் கொண்டுபோகக்கூடாது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது; பிளாஸ்டிக் பையும் அதில் அடக்கம். ஆனாலும் பல ஊர்களில் அர்ச்சனைச் சாமான் இன்னும் பையில்தான் தொங்குகிறது. பனை ஓலையில் பின்னிய சின்ன அர்ச்சனைக் கூடை, பிரசாதப் பெட்டி, குங்குமச் சிமிழ் அளவுக்கு ஒரு கொட்டான் என்று 30 முதல் 100 ரூபாய்க்குள் பொருள் செய்தால் அது கோயில் வாசலின் அன்றாடத் தேவையாகிவிடும். அதே கடையில் பின்வரிசையில் பெரிய பெட்டி இருக்கும். மூன்றாவது செவ்வாயில் ஒருவர் அதன் விலையைக் கேட்பார், ஆறாவது செவ்வாயில் வாங்குவார்.

கடுமையான ஆட்சேபம் வேறொன்று: கோயில் வாசலில் ஏற்கெனவே கடைபோட்டிருப்பவர்களும் ஏழைகள்தான், கைவினையின் பெயரால் அவர்களை நகர்த்தலாமா? கூடாது. நகராட்சிப் பகுதிகளில் 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கவேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மக்கள் வழக்கமாகக் கூடி வாங்கும் இடங்களை ‘இயல்புச் சந்தை’யாக அங்கீகரிக்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. கைவினைக் கடைகளுக்கான இடத்தை அந்தக் குழுவே, இருப்பவர்களின் சம்மதத்தோடு, குறித்துத் தரட்டும். சிறுவாபுரி போன்ற ஊராட்சிகளில் அந்தச் சட்டம் எட்டாது. அங்கே சந்தை வசூலைக் குத்தகைக்கு விடும் வழக்கம்தான் ஆபத்து. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தைக் கடைக்காரரிடம்தான் வசூலிப்பார். ஆகவே வாகன நிறுத்த இடத்தின் ஓரமாகவோ அறநிலையத் துறையின் காலியிடத்திலோ இருபது கடை போதும். உழவர் சந்தையைப்போல வாடகையில்லாமல், குத்தகைக்கு வெளியே.

கூடவே, அந்த இருபது கடையிலும் செய்தவரே உட்காரவேண்டும் என்ற விதி வேண்டும். இல்லையென்றால் மூன்றே மாதத்தில் மொத்த வியாபாரியின் மெஷின் பொம்மையும் வெளிமாநில பிளாஸ்டிக் வளையலும் ‘கைவினை’ என்ற பலகைக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிடும். பல கண்காட்சிகளின் கதை இதுதான். மத்திய அரசு கைவினைஞர்களுக்கு அடையாள அட்டை தருகிறது. சுய உதவிக் குழுப் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு 2025-இல் தந்த அட்டையைக் காட்டி 25 கிலோ வரையிலான சரக்கை அரசுப் பேருந்தில் 100 கிலோமீட்டர் வரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம். அட்டையைவிட நம்பகமான சோதனை ஒன்றும் உண்டு: கடையில் உட்கார்ந்தபடியே பின்னவேண்டும், நூற்கவேண்டும், கோக்கவேண்டும். விற்பனை இல்லாத மதிய நேரமும் அப்போது வீணாகாது. ஒரு கூடை எப்படி உருவாகிறது என்று பார்த்தவர் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்கத் தயங்குவார்.

தொழிற்சாலை எதிரியா, வாடிக்கையாளரா?

இவ்வளவு சிரமம் எதற்கு, அந்தப் பெண்களைச் சிப்காட் வேலைக்கே அனுப்பினால் மாதச் சம்பளமாவது நிச்சயம் என்பார்கள். போகமுடிந்தவர்கள் போகிறார்கள், போகவும் வேண்டும். கைவினையைக் காப்பாற்றுவதற்காக யாரும் குறைந்த கூலியில் கிடக்கவேண்டும் என்று கேட்பது அநியாயம். ஆனால் ஷிப்டு நேரத்துக்கு வீட்டைவிட்டுக் கிளம்பமுடியாதவர்கள், வயதானவர்கள், நோயாளியைக் கவனிப்பவர்கள், தொழிற்சாலை வயது வரம்பைத் தாண்டியவர்கள் எந்த மாவட்டத்திலும் உண்டு. அவர்களுக்கு முன்னால் இருப்பது சிப்காட்டா கைவினையா என்ற தேர்வல்ல; கைவினையா சும்மா இருப்பதா என்பது. கைவினைக்கான அரசுத் திட்டங்களே இதை ஒப்புக்கொள்கின்றன. தமிழ்நாட்டின் கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது கடந்தவர்களுக்குத்தான், 25 தொழில்களில், 3 லட்சம் ரூபாய் வரை கடனும் 50,000 ரூபாய் வரை மானியமும் தருகிறது. 2023-இல் வந்த மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்குக் குறைந்த வட்டியில் முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம் கடன் தருகிறது. நல்லது. ஆனால் விற்க இடமில்லாதவருக்குக் கடன் என்பது விற்காத சரக்கை இன்னும் கொஞ்சம் அதிகமாகச் செய்துவைக்கும் வசதிதான்.

தொழிற்சாலைகள் இதில் செய்யக்கூடியது நிறைய. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேலுள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பாரம்பரியக் கலை, கைவினை வளர்ச்சியும் வெளிப்படையாக இடம்பெற்றிருக்கிறது. இருபது கடைக்குக் கூரை, மின்விளக்கு, கழிப்பறை, சரக்கு வைக்க ஒரு பூட்டிய அறை எல்லாம் அந்தப் பணத்தில் சுலபமாக வரும். ஆனால் அதைவிட முக்கியமானது கணக்கில் வேறொரு பத்தியில் வரும் செலவு: தீபாவளிக்கு ஒவ்வொரு ஆலையும் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் இனிப்பு டப்பா. ஊழியர்களுக்கான செலவு என்பதால் அது சமூகப் பொறுப்புக் கணக்கில் சேராது; சேரவும் வேண்டாம். அந்த டப்பாவுக்குப் பதிலாகப் பனை ஓலைப் பெட்டியை, ஆலை தான் வாங்கும் பொருளாக, பேரம் பேசி, தரம் பார்த்து, ஆடி மாதத்திலேயே ஆர்டர் கொடுத்து, முன்பணத்தோடு வாங்கட்டும். நன்கொடை ஒருமுறை வரும். திருப்தியடைந்த வாடிக்கையாளர் வருடா வருடம் வருவார்.

இதற்கெல்லாம் புதிய திட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. மாவட்ட நிர்வாகம் ஒரு காலண்டரை எழுதி, அதை மீறாமல் இருந்தால் போதும். செவ்வாய் சிறுவாபுரி, அமாவாசை திருவள்ளூர், சம்பள வாரச் சனிக்கிழமை கும்மிடிப்பூண்டி, ஞாயிறு பழவேற்காடு என்று நான்கு நாள்; மழையானாலும், திறந்துவைக்க அமைச்சர் வராவிட்டாலும் கடை திறக்கவேண்டும். வெற்றியை அளக்கும் முறையும் மாறவேண்டும். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம், எத்தனை லட்சத்துக்கு விற்பனை நடந்தது என்று கண்காட்சி முடிந்ததும் அறிக்கை விடுவதை நிறுத்திவிட்டு, ஓராண்டு கழித்து இரண்டே கேள்வி கேட்கலாம்: முதல் மாதம் கடைபோட்ட இருபது பேரில் எத்தனை பேர் இன்னும் அதே இடத்தில் இருக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் கையில் முன்பணம் வாங்கிய ஆர்டர் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் வரும் எண், திறப்பு விழாவில் வெட்டிய ரிப்பன்களின் எண்ணிக்கையைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த தலைமுறையில் ஒருத்தி ஓலை கிழிக்கக் கற்றுக்கொள்வாளா, மாட்டாளா என்பதை முடிவு செய்யப்போவது அந்தச் சின்ன எண்தான்.